சுருக்கம் விழாத வலது ஷூ

அந்த ஷூப் பெட்டி வீட்டு வாசலைத் தாண்டும் முன்பே தெருவில் பாதிப் பேருக்கு விவரம் தெரிந்துவிட்டது. கறுப்பு நிறம். அசல் தோல். எட்டாம் நம்பர். கயிறு கட்டுகிற மாதிரி.

மீதிப் பேருக்கு மாடி அத்தை சொல்லிவிட்டார்.

மாடி அத்தை உண்மையில் யாருக்கும் அத்தை இல்லை. மேல்வீட்டில் குடியிருக்கிறார், அவ்வளவுதான். ஆனால் கீழே யார் வருகிறார்கள், கையில் என்ன பை, பைக்குள் என்ன இருக்கிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரியாமல் போனதே கிடையாது. இவ்வளவு அக்கறை உள்ளவரை அத்தை என்று கூப்பிடாமல் வேறு எப்படிக் கூப்பிடுவது?

கீழ்வீட்டில் இருந்தாள் குண்டூசி. பத்து வயது. ஒல்லியாக இருக்கிறாள், பேச்சில் குத்துகிறாள் என்று அவள் அப்பா வைத்த பெயர் அது. பள்ளிக்கூடத்தில் வேறு பெயர் உண்டு. அதை டீச்சரைத் தவிர யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை.

பெயர் கூப்பிடுவதுதான் அப்பாவின் வேலை. கோர்ட் வாசலில் நின்று, வழக்குக்காரர்களின் பெயரை மூன்று தடவை உரக்கக் கூப்பிடுவார். மூன்றாவது தடவைக்குள் ஆள் வராவிட்டால், வரவில்லை என்று எழுதிவிடுவார்கள்.

காலையில் நீதிபதி வரும்போது அவருக்கு முன்னால் நடந்து போவதும் அப்பாதான். நீளமான தாழ்வாரம். பிறகு மூன்று படி. எல்லாரும் எழுந்து மூச்சுவிடாமல் நிற்க, அப்பாவின் ஷூச் சத்தம் மட்டும் கேட்கும்.

வீட்டிலும் அதே சட்டம்தான். சாயங்காலம் தெருமுனையில் திரும்பியதுமே ஆரம்பித்துவிடுவார்.

"குண்டூசீ! குண்டூசீ! குண்டூசீ!"

மூன்றாவது கூப்பிடலுக்குள் அவள் வாசலில் வந்து நிற்க வேண்டும். இல்லாவிட்டால், "கட்சிக்காரர் ஆஜராகவில்லை" என்று சொல்லிவிட்டு, வாங்கி வந்த மிட்டாயை அவரே வாயில் போட்டுக்கொள்வார்.

"இது வீடா, கோர்ட்டா? காது கிழியுது!" என்று மாடி அத்தை தினமும் மேலிருந்து சண்டைக்கு வருவார். அப்பாவின் குரலைக் கேட்ட பிறகுதான் அவர் அடுப்பையே பற்றவைப்பார் என்பது வேறு விஷயம்.

எட்டு மாதத்துக்கு முன்னால் அந்தச் சத்தம் நின்றுபோனது.

சாலையைக் கடக்கும்போது ஒரு லாரி மோதியது. அப்பாவின் வலது கால், முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து அப்பா வீட்டுக்கு வந்தார். அவருடைய குரல் வரவில்லை. பேசாமல் இல்லை, பேசுவார். ஆனால் பக்கத்தில் நிற்பவருக்கு மட்டும் கேட்கிற மாதிரிப் பேசுவார்.

பிறகு செயற்கைக் கால் வந்தது. வீட்டில் அதைப் 'புதுக்கால்' என்றார்கள். பயிற்சி நிலையத்தில் ஆறு வாரம் கான்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு நடந்து பழகினார். நன்றாகவே நடந்தார்.

கோர்ட்டிலிருந்து ஹெட் கிளார்க் சொல்லியனுப்பினார். அடுத்த திங்கள்கிழமை அப்பா வர வேண்டும். நீதிபதிக்கு முன்னால் தடுமாறாமல் நடந்தால் பழைய வேலை. முடியாவிட்டால் கீழ்த்தளத்தில், பழைய காகிதக் கட்டுகளை அடுக்குகிற அறை.

"சம்பளம் ரெண்டுக்கும் ஒண்ணுதானாம்" என்றார் அம்மா.

"ஆமா" என்றார் அப்பா. "ஆனா அங்க கூப்பிட யாரும் இல்ல."

கோர்ட்டில் கறுப்புத் தோல் ஷூதான் போட வேண்டும். பழைய ஜோடியில் ஒன்று சாலையிலேயே தொலைந்துவிட்டது. அதனால்தான் இந்தப் புதுப் பெட்டி.

குதியின் உயரம் மாறினால் புதுக்கால் தடுமாறும். அதனால் பயிற்சி கொடுக்கிற அக்கா ஸ்கேலை வைத்து ஷூவின் குதி உயரத்தை அளந்து பார்த்தார். "கான்வாஸ் ஷூ உயரமேதான். கவலைப்படாதீங்க" என்றார்.

கவலைப்படாமல் இருக்கத் தெரு விடுமா?

"புது ஷூ கடிக்கும்!" என்று மாடி அத்தை படியிறங்கி வந்தார். "எங்க வீட்டுக்காரருக்குக் கல்யாணத்தன்னிக்குக் கடிச்சது. போட்டோவுல இன்னிக்கும் அழுத முகமாத்தான் இருப்பார்."

"அது ஷூவாலதானா அத்தை?" என்று கேட்டாள் குண்டூசி.

"வாயைப் பாரு!" என்ற அத்தை, அம்மாவின் பக்கம் திரும்பினார். "ஏம்மா, இருக்கிறது ஒரு கால். அதுல கொப்புளம் வந்தா தம்பி எப்படி நடப்பார்? இடது ஷூவை இப்பவே பழக்கிடு."

அம்மாவின் முகம் வாடிவிட்டது. அன்றைக்கே வேலை ஆரம்பமானது.

அம்மா இடது ஷூவின் உள்ளே, குதிகால் படும் இடத்தில், மெழுகைத் தேய்த்தார். அப்பா தடித்த காலுறை போட்டு, அதற்கு மேல் அந்த ஷூவை மாட்டிக்கொள்வார். சாயங்காலம் புதுக்காலைக் கழற்றி வைத்துவிட்டு, ஊன்றுகோல்களைப் பிடித்துக்கொண்டு, அந்த ஒற்றை ஷூவோடு அரை மணி நேரம் நடப்பார். மறுநாள் முக்கால் மணி. அதற்கு மறுநாள் ஒரு மணி. கழற்றியதும் அம்மாவும் குண்டூசியும் குனிந்து பாதத்தைப் பார்ப்பார்கள். எங்கேயாவது சிவந்திருந்தால் அங்கே பஞ்சு வைத்துப் பிளாஸ்திரி ஒட்டுவார்கள். ஒரு ராஜாவின் பாதத்துக்குக்கூட இவ்வளவு கவனிப்பு நடந்திருக்காது.

"வலது ஷூ?" என்று ஒருநாள் அப்பா கேட்டார்.

"அந்தக் காலுக்கு எதுக்குப் பழக்கம்? அது கடிச்சா வலிக்கவா போகுது?" என்று படியிலிருந்தே பதில் சொன்னார் மாடி அத்தை. அவரை யாரும் கேட்கவில்லை.

ஆனால் எல்லாருக்கும் அது சரி என்றே பட்டது. குண்டூசிக்கும்தான். வலது ஷூ தன் மெல்லிய காகிதத்தைப் போர்த்திக்கொண்டு பெட்டிக்குள்ளேயே தூங்கியது.

வியாழக்கிழமை அப்பா முதல்முறையாக இரண்டையும் போட்டுக்கொண்டார்.

புதுக்காலுக்கு ஷூ மாட்டுவது சுலபமில்லை. அதன் கணுக்கால் வளைந்து கொடுக்காது; எடை விழும்போது விரல் பக்கம் மட்டும்தான் மடங்கும். ஒரு பிளாஸ்டிக் பையைப் பாதத்தில் சுற்றி, வழுக்கிக்கொண்டு உள்ளே போகும்படி தள்ளி, பிறகு பையை உருவ வேண்டும். அம்மா உருவினார். அப்பா கயிற்றைக் கட்டிக்கொண்டு எழுந்தார்.

ஐந்தாவது அடியில் வலது ஷூவின் முனை தரையில் இடித்தது. சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"மெதுவா..." என்றார் அம்மா.

மறுபடி நடந்தார். இந்த முறை நாலாவது அடி. மேசையைப் பிடித்தார். மேசைமேல் இருந்த தம்ளர் உருண்டு விழுந்தது.

மூன்றாவது முறை பிடிக்க எதுவும் இல்லை. அப்பா விழுந்துவிட்டார்.

மேலேயிருந்துகூடச் சத்தம் வரவில்லை. குண்டூசி ஓடிப்போய்க் கையை நீட்டினாள். அப்பா அவள் கையைப் பிடித்துக்கொண்டார், ஆனால் எழுந்திருக்கவில்லை. தரையில் உட்கார்ந்தபடியே வலது காலைப் பார்த்தார்.

"மூணு தடவை கூப்பிட்டாச்சு" என்றார். "வரல."

பிறகு ஷூக்களைக் கழற்றினார். "பெட்டியில வெச்சிடு. கீழ்த்தளத்துக்கே போறேன்னு சொல்லிடலாம். அங்க இந்த ஷூ தேவைப்படாது."

குண்டூசி அவற்றை அப்போதே பெட்டியில் வைக்கவில்லை. கையில் எடுக்கவே அவளுக்குப் பிடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது, அம்மா மறுபடி சொன்ன பிறகுதான் எடுத்தாள். இடது ஷூவை வைத்தாள். பக்கத்தில் வலது ஷூவை வைத்தாள். மூடியை மூடப் போனவள் நின்றாள்.

இடது ஷூவின்மேல், விரல்கள் ஆரம்பிக்கிற இடத்தில், குறுக்காக மூன்று சுருக்கம் விழுந்திருந்தது. வலது ஷூவில் ஒன்றுகூட இல்லை.

"பாரு, வலது எவ்வளவு அழகா இருக்கு, ஒரு சுருக்கம் இல்லாம" என்று அம்மா பெருமூச்சு விட்டார். அம்மாவுக்குச் சலவைக் கடையில் துணி தேய்க்கிற வேலை. சுருக்கத்தைக் கண்டாலே அவருக்கு ஆகாது.

குண்டூசி இடது ஷூவின் முனையையும் குதியையும் பிடித்து மடக்கினாள். சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளைபோல வளைந்தது. வலது ஷூவை மடக்கினாள். அது அசையவே இல்லை. பலகை மாதிரி விறைத்துக்கொண்டு நின்றது.

அவளுக்குப் புரிந்தது. கொப்புளம் வராதே என்று அந்த ஷூவை அத்தனை பேரும் விட்டுவிட்டார்கள். அது மடங்காவிட்டால் அடி எடுக்கும்போது முனை தரையில் இடிக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

"அப்பா!" என்று ஓடினாள். "வலது ஷூ மடங்கவே இல்லப்பா! அதான்..."

"விடு குண்டூசி." அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "ஷூவைக் குறை சொல்லி என்ன ஆகப்போகுது?"

அவள் விடவில்லை. சாயங்காலம் பெட்டியை எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்கு அடியில் உட்கார்ந்தாள்.

முதலில் வலது ஷூவின் முனையில் துணியை அடைத்துத் தன் காலை நுழைத்தாள். ஒரு பக்கம் அப்பாவின் ஷூ, இன்னொரு பக்கம் தன் செருப்பு. 'டக், சப், டக், சப்' என்று பத்துத் தடவை நடந்தாள். ஷூவின்மேல் லேசாக ஒரு கோடு தெரிந்தது. சந்தோஷமாகக் குனிந்து பார்த்தவளுக்குத் திக்கென்றது.

கோடு தப்பான இடத்தில் இருந்தது. அவள் கால் சின்னது. அவள் விரல் மடங்குகிற இடம் வேறு, அப்பாவுக்கு மடங்குகிற இடம் வேறு.

அவசரமாகக் கழற்றினாள். இடது ஷூவையும் வலது ஷூவையும் அடியோடு அடி சேர்த்துப் பிடித்தாள். இடதில் எங்கே சுருக்கம் இருக்கிறதோ, நேர் எதிரே வலதில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டாள். முனையில் அடைத்த துணியை எடுத்துக் குதிகாலுக்குப் பின்னால் வைத்தாள். இப்போது அவள் கால் முன்னால் தள்ளி, சரியாகக் கோட்டுக்கு அடியில் நின்றது.

சரியான இடம்தான். ஆனால் ஷூ மடங்கவில்லை. குண்டூசியின் எடை அதற்கு ஒரு பொருட்டாகவே இல்லை. கையால் மடக்கிப் பார்த்தாள். இருட்டுவதற்குள் இரண்டு உள்ளங்கையும் சிவந்துவிட்டன. ஷூ கொஞ்சம்தான் மனம் இறங்கியிருந்தது.

எடை வேண்டும். அம்மா நாள் முழுக்க நின்றுகொண்டே துணி தேய்த்துவிட்டு, வீங்கிய காலோடு வருகிறார். அம்மாவைக் கேட்க முடியாது.

சனிக்கிழமை காலையில் குண்டூசி மாடி ஏறினாள்.

"அத்தை, உங்க எடை எவ்வளவு?"

இந்தக் கேள்வியைத் தெருவில் இதுவரை யாரும் கேட்டதில்லை. கேட்கிற துணிச்சல் யாருக்கும் இருந்ததில்லை.

"என்னடி கேட்ட?"

குண்டூசி ஷூவை நீட்டினாள். சாக்பீஸ் கோட்டைக் காட்டினாள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள்.

"நல்லா இருக்கு! ஆம்பளை ஷூவை ஒத்தைக் கால்ல மாட்டிக்கிட்டு நான் படியேறி இறங்கணுமா? பார்க்கிறவங்க என்ன பேசுவாங்க?"

"தெருவுல எல்லாரைப் பத்தியும் பேசுறது நீங்கதானே அத்தை? நீங்க ஷூவுக்குள்ள இருந்தா, யார் பேசுவாங்க?"

அத்தை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

குண்டூசி தலையைக் குனிந்துகொண்டாள். இந்த முறை மெதுவாகச் சொன்னாள். "அந்தக் காலுக்கு எதுக்குப் பழக்கம்னு நீங்க சொன்னீங்க. நானும் சரின்னுதான் நினைச்சேன் அத்தை. அப்பா விழுந்துட்டார்."

அத்தை சாக்பீஸ் கோட்டை விரலால் தடவினார்.

"சத்தம் கேட்டுது" என்றார். "கீழ வரணும்னுதான் எழுந்தேன். எந்த முகத்தை வெச்சுக்கிட்டு வர்றதுன்னு தெரியல." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "எட்டு மாசமா எத்தனை மணிக்கு அடுப்பு பத்தவைக்கிறதுன்னே எனக்குத் தெரியல. கொடு அந்த ஷூவை."

துணியை இன்னும் கொஞ்சம் குறைத்ததும் அத்தையின் கால் உள்ளே பொருந்தியது. படிகள் பதினெட்டு. ஏறும்போது ஒவ்வொரு படியிலும் முன்பாதத்தை மட்டும் ஊன்றி ஏற வேண்டும் என்று குண்டூசி சொல்லிக்கொடுத்தாள். அப்போதுதான் கோட்டில் மடங்கும்.

டக், சப். டக், சப்.

எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. காய்கறி வாங்கப் போனவர்கள் பையோடு நின்றார்கள்.

"என்ன பார்வை? டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கார்!" என்று அத்தை அதட்டினார்.

"ஒரு காலுக்கு மட்டுமா?" என்று யாரோ கேட்டார்கள்.

"முதல்ல ஒரு கால்! அது இளைச்சதும் இன்னொண்ணு!"

உள்ளே படுத்திருந்த அப்பா கேட்டார்: "வெளியில என்ன சத்தம், குண்டூசி?"

"மாடி அத்தை நடக்கிறாங்கப்பா." அதில் பொய் எதுவும் இல்லை.

சனிக்கிழமை இருபது தடவை. ஞாயிற்றுக்கிழமை காலையில் இன்னும் பத்து. கடைசித் தடவை இறங்கியதும் அத்தை படியில் பொத்தென்று உட்கார்ந்து ஷூவைக் கழற்றினார். அவர் குதிகாலில் திராட்சை அளவுக்கு ஒரு கொப்புளம்.

"கடைசியில யாருக்குக் கொப்புளம் பாரு" என்றார். குண்டூசி அப்பாவுக்கு வைத்திருந்த பிளாஸ்திரியை எடுத்து வந்து, அத்தையின் குதிகாலில் சுருக்கம் இல்லாமல் ஒட்டினாள்.

மத்தியானம் அவள் பெட்டியை அப்பாவின் முன்னால் வைத்தாள்.

"ரெண்டையும் மடக்கிப் பாருங்கப்பா."

அப்பா வேண்டாவெறுப்பாக இடதை மடக்கினார். வலதை மடக்கினார். மறுபடி வலதை மடக்கினார். இரண்டும் ஒரே மாதிரி வளைந்தன.

"வியாழக்கிழமை மூணு தடவையும் நீங்க தப்பான ஆளைக் கூப்பிட்டீங்க" என்றாள் குண்டூசி. "வராதது கால் இல்லப்பா. ஷூ."

அப்பா வலது ஷூவைத் திருப்பிப் பார்த்தார். அழியாமல் மிச்சமிருந்த சாக்பீஸ் கோட்டைப் பார்த்தார். அடிப்பாகம் தேய்ந்திருந்தது.

"யார் நடந்தாங்க இதுல?"

மேலே யாரோ நொண்டி நொண்டி நடக்கும் சத்தம் கேட்டது. அப்பா நிமிர்ந்து கூரையைப் பார்த்தார். அவர் கண்கள் கலங்கின. கையை நீட்டினார்.

"அந்தப் பிளாஸ்டிக் பையை எடு."

அறைக்கு நடுவில் நின்றார். அம்மா மேசையை ஓரமாக நகர்த்தினார். ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவது அடியில் குண்டூசி மூச்சை அடக்கிக்கொண்டாள். ஐந்தாவது அடியில் அம்மா கண்ணை மூடிக்கொண்டார். ஆறு. ஏழு. அப்பா ஜன்னல்வரை போய்த் திரும்பினார். கொஞ்சம் சாய்ந்துதான் நடந்தார். ஆனால் ஷூவின் முனை எங்கேயும் இடிக்கவில்லை.

"இன்னொரு தடவை" என்றார்.

அன்றைக்கு எத்தனை 'இன்னொரு தடவை' என்று யாரும் எண்ணவில்லை. கடைசியில் அந்தப் பதினெட்டுப் படியையும் கைப்பிடியைப் பிடிக்காமல் ஏறினார். மேலே மாடி அத்தை வாசலில் நின்றிருந்தார்.

"வாங்க தம்பி" என்றார் அத்தை, பிளாஸ்திரி ஒட்டிய காலை மறைத்துக்கொண்டு.

"ரொம்ப நன்றிங்க" என்றார் அப்பா.

"எதுக்கு? நான் டாக்டர் சொல்லித்தான் நடந்தேன்."

திங்கள்கிழமை காலையில் அப்பா கோர்ட்டுக்குப் போனார். இரண்டு ஷூவிலும் ஒரே மாதிரி மூன்று மூன்று சுருக்கம். அம்மா அவற்றைத் துடைத்தபோது அந்தச் சுருக்கங்களைப் பார்த்து முகம் சுளிக்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் அன்றைக்கு என்ன பாடம் நடந்தது என்று குண்டூசிக்குத் தெரியாது. சாயங்காலம் வீட்டுக்குள் வந்து கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். வெளியே நின்று தெருமுனையைப் பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை.

தெருவும் அன்றைக்குச் சும்மா இருக்கவில்லை. காற்று வாங்குவதற்கென்று அத்தனை பேரும் ஒரே நேரத்தில் வாசலுக்கு வந்திருந்தார்கள். மாடி அத்தை காய்ந்த துணியையே மறுபடி மறுபடி எடுத்துக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார். முதலில் ஷூச் சத்தம் கேட்டது. டக், டக். கொஞ்சம் நின்றது.

பிறகு தெருமுனையிலிருந்து வந்தது.

"குண்டூசீ!"

எட்டு மாதமாகப் பயன்படுத்தாத குரல். முதலில் கொஞ்சம் கரகரத்தது. அம்மா மடித்துக்கொண்டிருந்த துணியை அப்படியே மார்போடு அணைத்துக்கொண்டார்.

"குண்டூசீ!"

இந்த முறை கரகரப்பு இல்லை. கோர்ட் தாழ்வாரம் முழுக்கக் கேட்கிற குரல்.

"காது கிழியுது!" என்று மேலேயிருந்து மாடி அத்தை கத்தினார். கத்திக்கொண்டே அழுதார். உள்ளே ஓடிப்போய் அடுப்பைப் பற்றவைத்தார்.

குண்டூசி கதவுக்குப் பின்னால்தான் நின்றாள். ஒரே தாவலில் வாசலுக்குப் போய்விடலாம். கால் துடித்தது. ஆனாலும் உதட்டைக் கடித்துக்கொண்டு, அசையாமல், மூன்றாவதுக்காகக் காத்திருந்தாள்.